தீவுக்கு ஐந்து ஆல்பம்: எதை எடுப்பது, எதை விடுவது

பி.பி.சி. வானொலியில் 1942 ஜனவரியில் ராய் ப்ளாம்லி தொடங்கிய 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத் தீவில் தனியாக மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள், எட்டு இசைத்தட்டு எடுத்துப் போகலாம், எவை என்று வருகிற விருந்தினரிடம் கேட்பார்கள். கிராமபோனும் தீராத ஊசிகளும் அங்கே இருக்கும் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. பைபிளும் ஷேக்ஸ்பியரும் தீவிலேயே இருக்கும். அவற்றோடு விருப்பமான ஒரு புத்தகமும் ஒரு ஆடம்பரப் பொருளும் கொண்டுபோகலாம். கடைசியாக ஒரு கேள்வி வரும்: அலை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனால் எந்த ஒன்றை ஓடிப்போய் எடுப்பீர்கள்?

பாட்டு என்று கேட்டால் நம்மில் யாரும் திணற மாட்டோம். எட்டு என்ன, எண்பது சொல்லிவிட்டு இன்னும் சொல்வோம். ஆல்பம் என்று கேட்கும்போதுதான் சிக்கல். நாம் பாட்டுப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு படத்துக்கு ஐந்தாறு பாட்டு, மொத்தமே அரை மணி நேரம். கேசட்டில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, அறுபது நிமிடக் கேசட்டோடு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு வருவோம். கடைசிப் பாட்டுக்கு டேப் போதாமல் சரணத்தின் நடுவில் 'டக்'கென்று நிற்கும். அப்படி நின்ற இடம் மனதில் பதிந்துபோய், முழுப் பாட்டு கையில் இருக்கும் இந்தக் காலத்திலும் அந்த வரி வரும்போது எனக்குக் காது தானாக நின்றுவிடுகிறது. அப்படிக் கேட்டே பழகியவர்கள் ஒரு ஆல்பத்தை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஒரே பொருளாக நிறுத்துப் பார்ப்பது அபூர்வம்.

எட்டு தாராளம் என்று தோன்றியதால் ஐந்தாகக் குறைத்துக்கொண்டேன். ஆல்பமாகவே திட்டமிட்டு, ஆல்பமாகவே வெளியானதாக இருக்க வேண்டும். தொகுப்புகள் கூடாது. இந்த விதியால் விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாடல்களின் தொகுப்புகள் எல்லாம் ஒரே அடியில் வெளியே போய்விட்டன. அதைவிடப் பெரிய இழப்பு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. அவர் நாதஸ்வரம் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். இரவு முழுக்கத் தோடி வாசித்தவர் என்று பேர்பெற்ற ஒருவரை மூன்று நிமிடத்துக்குள் அடைத்தார்கள். அதற்குள்ளும் அந்த ராகம் நிமிர்ந்து நிற்கிறது. பிற்பாடு அவற்றைச் சேர்த்து வந்தவையெல்லாம் தொகுப்புகளே. விதியைத் தளர்த்தினால் பட்டியலுக்கு முடிவே இருக்காது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

அடுத்து, எதை வைத்து எடைபோடுவது? 'மிகவும் பிடித்தது' என்பது தீவுக்குப் போதாது. மிகவும் பிடித்த பாட்டு ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். அதை நானே முணுமுணுத்துக்கொள்ளலாம், ஆர்மோனியம்கூட வேண்டாம். தலைக்குள் இருப்பதைப் பெட்டியில் ஏன் சுமக்க வேண்டும்? என் தொண்டையால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாததைத்தான் எடுத்துப் போக வேண்டும். இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் போகிற இசை, கருவியின் நாதமே உயிராக இருக்கிற இசை, ஒவ்வொரு முறையும் காதை வேறு இடத்தில் வைத்துக் கேட்க இடம் கொடுக்கிற இசை. இதுதான் என் முதல் அளவுகோல்.

இரண்டாவது அளவுகோல், ஆளரவம். தீவில் கடல் சத்தம் இருக்கும், காற்று இருக்கும், பறவைகள் இருக்கும். இன்னொரு மனிதன் மூச்சு விடும் சத்தம் மட்டும் இருக்காது. இசையின் நடுவே ஒரு மனிதர் இருப்பது தெரிகிற பதிவுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

சினிமாவுக்கு ஓர் இடம் கட்டாயம். அது இல்லாமல் போனால் நான் யார் என்பதே எனக்கு மறந்துபோகும். ஆனால் முணுமுணுப்புப் பரீட்சையில் முதலில் அடிபடுவதும் சினிமாப் பாட்டுத்தான். 1992-இல் வந்த 'ரோஜா'வின் பாட்டுகள் எல்லார் வாயிலும் இருக்கின்றன. எடுத்துப் போகத் தேவையில்லை. 1991-இன் 'தளபதி' அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை. 'ராக்கம்மா கையைத் தட்டு' பல்லவியைப் பாடிவிடலாம். நடுவில் வருகிற 'குனித்த புருவமும்' என்ற அப்பர் தேவாரமும் வாய்க்கு வந்துவிடும். வயலின் கூட்டத்தை யார் பாடுவது? இளையராஜாவின் சினிமா இசையில் பாதி உயிர் இடையிசையில்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றவாவது 'தளபதி'யை எடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அதே இளையராஜா, சினிமாவின் அவசரம் எதுவும் இல்லாமல் அதே வேலையைச் செய்த ஆல்பம் வேறு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே சினிமா இடத்துக்குப் போட்டி ரஹ்மானின் இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில்: 1993-இன் 'திருடா திருடா', 2002-இன் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. பாட்டின் கனம் பார்த்தால் இரண்டாவதுதான் மேலே. ரஹ்மானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த ஆல்பம். ஆனால் அதில் 'விடை கொடு எங்கள் நாடே' இருக்கிறது. சொந்த மண்ணை விட்டுக் கடல் தாண்டிப் போகிறவர்களின் பாட்டு, எம்.எஸ். விஸ்வநாதனின் முதிர்ந்த குரல் அதில் உடைந்து எழும்பும். ஈழத்திலிருந்து படகேறியவர்களுக்காக எழுதிய அந்த வரிகளை, திரும்பப் படகே வராத ஒரு கரையில் உட்கார்ந்து கேட்க என்னால் ஆகாது. ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்தப் பாட்டைத் தாண்டிப் போவதும் முறையில்லை.

'திருடா திருடா'வில் அந்தப் பாரம் இல்லை. ஒரு பாட்டைப் போல இன்னொன்று இல்லை. 'தீ தீ'யில் ஒரு உலகம், 'வீரபாண்டிக் கோட்டையிலே'வில் வேறு உலகம், 'சந்திரலேகா' அந்தக் காலத்துக் காதுகளுக்குப் பழக்கமே இல்லாத ஒலி. இவை எல்லாவற்றுக்கும் மேலாக 'ராசாத்தி'. ஷாகுல் ஹமீதின் குரல், அதைச் சுற்றி வேறு குரல்கள், வாத்தியமே கிடையாது. தாளமும் சுருதியும் மனிதத் தொண்டைகளிலிருந்தே வருகின்றன. கிராமத்து ஆள் ஒருவன் தனியாகப் பாடுவது போலவும், ஊரே பின்னால் நின்று 'ம்' கொட்டுவது போலவும் இருக்கும். மெட்டு எனக்குத் தெரியும், வரியும் தெரியும். அந்தக் கூட்டுக்குரலை ஒற்றை ஆளாக நான் பாட முடியாது. இரண்டு அளவுகோலிலும் ஒரே பாட்டு தேறிவிடுகிறது. சினிமா இடம் 'திருடா திருடா'வுக்கு.

எம்.எஸ். சுப்புலட்சுமி இல்லாமல் போக மாட்டேன் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எந்த ஆல்பம் என்பதில்தான் யோசனை. 1963-இல் வந்த சுப்ரபாதம் முதலில் நினைவுக்கு வரும். கோயில் ஒலிபெருக்கியிலும் தேநீர்க் கடையிலும் பக்கத்து வீட்டு ஜன்னலிலும் கேட்டுக் கேட்டு, தூக்கத்திலும் தொடர்ந்து சொல்லக்கூடிய அளவுக்கு அது உள்ளே போயிருக்கிறது. ஆகவே தேவையில்லை. 1977-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடிய கச்சேரியின் பதிவு இன்னொன்று. முழுக் கச்சேரி, பக்கவாத்தியம், ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் சபையின் கைதட்டல். ஆளரவம் என்று பார்த்தால் ஒரு அரங்கமே கூட வரும். இது பலமான போட்டி.

ஆனாலும் நான் எடுப்பது 1970-இல் வந்த எல்பி: ஒரு பக்கம் விஷ்ணு சகஸ்ரநாமம், மறுபக்கம் பஜ கோவிந்தம். பஜ கோவிந்தம் தொடங்குவதற்கு முன் ராஜாஜி பேசுவார். வயதான, வறண்ட, நிறுத்தி நிறுத்திப் பேசுகிற குரல். ஆங்கிலத்தில்தான் பேசுகிறார், ஆனால் ஒவ்வொரு சொல்லின் விளிம்பிலும் சேலத்துக்காரர் தெரிகிறார். பக்தியின் வழியும் ஞானத்தின் வழியும் வேறு வேறு இல்லை என்று ஒரு வக்கீலைப் போல எடுத்து வைப்பார். அவர் முடித்ததும் எம்.எஸ். குரல் எழும்பும். வாதம் முடிந்து பாட்டு தொடங்குகிற அந்த இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு முதுகு நிமிர்கிறது. நான் எடுத்துப் போகும் ஐந்திலும் ஒரு மனிதர் பாடாமல், வாசிக்காமல், எதிரே உட்கார்ந்து பேசுவது போலப் பேசுகிற நீண்ட இடம் இது ஒன்றுதான். பேச்சுத் துணையே இல்லாத ஊரில் அதன் அருமை கைதட்டலைவிடப் பெரியது. மறுபக்கத்தில் ஆயிரம் நாமம். ராகத்தை விரித்துக் காட்டாமல், கமகத்தை அடக்கி, ஒரே ஓட்டத்தில் சொல்லிக்கொண்டே போவார். நம்பிக்கை உள்ளவருக்கு அது வழிபாடு. இல்லாதவருக்கும் அரை மணி நேரம் மனதை ஒரு நிலையில் பிடித்து வைக்கிற குரல். காலையில் போட ஒன்று வேண்டும், அது இதுதான்.

இனி இளையராஜா. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு முடிவுக்காகத்தான். சினிமாவுக்கு வெளியே அவர் செய்த மூன்று ஆல்பங்களை எதிரெதிரே வைத்தேன்: 1986-இன் 'ஹவ் டு நேம் இட்', 1988-இன் 'நத்திங் பட் விண்ட்', 2005-இன் 'திருவாசகம்'.

'நத்திங் பட் விண்ட்' கேட்பதற்கு மூன்றிலும் இனிமையானது. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலை நடுவில் வைத்துப் பின்னிய இசை. அந்த இனிமைதான் அதைத் தீவுக்கு ஆகாததாக்குகிறது. குழல் முன்னே போகிறது, மற்றவை பின்னே வருகின்றன, மெட்டு ஒட்டிக்கொள்கிறது. இன்றைக்கும் அதன் பெரும்பகுதியை நான் சீட்டியடித்துவிடுவேன். கையில் இருப்பதை வாங்கத் தேவையில்லை.

'திருவாசகம்' விஷயம் வேறு. மாணிக்கவாசகரின் வரிகள், புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, இளையராஜாவின் சொந்தக் குரல். 'பூவார் சென்னி மன்னன்' என்று யாத்திரைப் பத்தில் தொடங்கி, அச்சப் பத்தின் 'புற்றில் வாழ் அரவும் அஞ்சேன்' வரை போகிறது. பாம்புக்கு அஞ்சேன், பொய்யருடைய மெய்க்கும் அஞ்சேன் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிற அந்தப் பதிகத்தைத் தீவில் இரவு நேரத்தில் கேட்டால் எவ்வளவு தெம்பாக இருக்கும்! தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும் என்பதும் பெரிய காரணம். இருபது நிமிடத்துக்கு விரிகிற 'பொல்லா வினையேன்' பகுதியில் ஆங்கில வரிகள் குறுக்கே வரும்போது மட்டும் எனக்குப் பிடி விட்டுப் போகிறது. உள்ளே ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும்போது வெளியே நிற்கிறவருக்கு யாரோ விளக்கம் சொல்வது போல இருக்கிறது. வேறு பலருக்கு அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்தது. பத்து உருப்படிகள். தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டீட்டாவின் (பல பகுதிகள் கோத்த இசை) தொடக்கப் பகுதி அதில் வருகிறது. அது மூச்சு விடாமல் ஓடுகிற ஓட்டம். ஒற்றை வயலின் மேல் தந்தியிலும் கீழ்த் தந்தியிலும் மாறி மாறித் தாவி, இரண்டு பேர் வாசிப்பது போலப் போக்குக் காட்டும். வயலினுக்கு எழுதியபோது பாக் அதற்குத் துணை எதுவும் எழுதவில்லை, தேவையும் இல்லை. அப்படித் தானே நிறைவாக இருக்கிற ஒன்றின் பக்கத்தில் இளையராஜா தன் இசையைக் கொண்டுவந்து வைக்கிறார். ஓடுகிறவரை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. கூடவே நடந்து தன் பேச்சைப் பேசுகிறார். முதல் முறை கேட்கும்போது பாக்கைத்தான் கேட்போம். அடுத்த முறை பாக்கைக் காதிலிருந்து தள்ளி வைத்துவிட்டு இளையராஜாவை மட்டும் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நாள் வரும். பிடித்தோம் என்று நினைக்கும்போது ஒன்று நழுவும். அடுத்த உருப்படிக்குப் பெயரே 'அண்ட் வி ஹேட் எ டாக்', அதாவது 'பிறகு நாங்கள் பேசினோம்'. வீட்டுக்கு வந்தவரோடு பேசாமல் இருப்பாரா?

'மேட் மாட் மூட் ஃபியூக்' இன்னொரு வகை. ஃபியூக் என்பது ஒரு குரல் ஒரு வரியைச் சொல்லி முடித்ததும் இன்னொரு குரல் அதே வரியை வேறு சுரத்திலிருந்து எடுக்க, முதல் குரல் நிற்காமல் வேறு வழியில் தொடர்வது. நம் இசையில் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் ராகத்தைச் சுமக்கும்; மற்றவர் நிழலாக வருவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த காதுக்கு இந்த ஆல்பம் ஒரு பயிற்சிக் கூடம். சில இடங்களில் தாள ஒலியில் எண்பதுகளின் வாடை அடிக்கிறது, உண்மைதான். நாற்பது வருடம் ஆகிவிட்டதே. நரசிம்மனின் வில் பேசத் தொடங்கியதும் அது காதில் விழுவதில்லை.

'திருவாசகம்' ஒருபுறம், 'ஹவ் டு நேம் இட்' ஒருபுறம் என்று நின்றபோது முடிவுக்கு வழி காட்டியது பி.பி.சி.யின் விதிதான். இசைத்தட்டோடு ஒரு புத்தகமும் கொண்டுபோகலாமே. திருவாசகத்தைப் புத்தகமாக எடுத்துக்கொள்கிறேன். அது வாய்விட்டுப் பாடவே உண்டான நூல். எனக்குத் தெரிந்த மெட்டிலோ தெரியாத மெட்டிலோ பாடிக்கொள்வேன். தமிழும் கையை விட்டுப் போகாது. இசைத்தட்டாக 'ஹவ் டு நேம் இட்' வரட்டும்.

நான்காவது இடம் பாக்குக்கே. ஆனால் பாக் என்றால் மலை. அதில் எந்தப் பாறை? நான் தயங்காமல், விசைப்பலகைக்கு எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்பேன். 1741-இல் அச்சானது. ஒரு ஆரியா (பாட்டுப் போன்ற மெட்டு), முப்பது மாறுபாடுகள், கடைசியில் மறுபடியும் அதே ஆரியா. மாறுபாடு என்றதும் மெட்டை மாற்றுவார் என்று நினைப்போம். பாக் மெட்டைத் தொடுவதே இல்லை, கீழே ஓடுகிற பேஸ் வரியைத்தான் அடித்தளமாக வைத்துக்கொள்கிறார். மேலே கட்டடம் மாறிக்கொண்டே போகிறது. மூன்றுக்கு ஒன்று கேனன்: ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் அப்படியே பின்பற்றும். முதல் கேனனில் இரண்டும் ஒரே சுரத்தில் தொடங்கும், அடுத்ததில் ஒரு சுரம் தள்ளி, அதற்கடுத்ததில் இரண்டு சுரம் தள்ளி என்று இடைவெளி கூடிக்கொண்டே போகும். இத்தனைக் கணக்கும் கேட்கும்போது தெரியாது. தெரிந்துகொண்டு கேட்டால் வேறொரு ஆல்பம் ஆகிவிடும். ஒரே பெட்டியில் இரண்டு.

இதை கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் இரண்டு முறை பதிவு செய்தார். 1955-இல், 22 வயதில் ஒன்று. 1981-இல், 48 வயதில் இன்னொன்று. இரண்டும் நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில். முதல் பதிவு சுமார் 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். தொடக்க ஆரியாவையே முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பவர், இரண்டாவதில் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். 1955-இன் பதிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. விரல்களின் துல்லியமும் இளமையின் துணிச்சலும் சேர்ந்து பறக்கும். நண்பர்களுக்கு முதன்முதலாகப் போட்டுக் காட்டுவதென்றால் அதைத்தான் போடுவேன்.

தீவுக்கு 1981. வேகம் மூட்டுகிற வியப்பு சீக்கிரம் பழகிவிடும். இரண்டாவது பதிவில் கூல்ட் ஒரு மாறுபாட்டின் காலப்பிரமாணத்துக்கும் அடுத்ததன் காலப்பிரமாணத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார். அடியில் ஒரே துடிப்பு, அதன் மடங்கும் பகுதியுமாக மற்றவை. மூன்று காலத்தில் பல்லவி பாடுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஐம்பது நிமிடமும் ஒரே மூச்சாகிவிடுகிறது. இரண்டாவது காரணம், அந்த முனகல். கூல்ட் வாசிக்கும்போது தன்னை மறந்து முணுமுணுப்பார். ஒலிப்பதிவாளர்களுக்கு அது தலைவலி. எனக்கு அது துணை. மெதுவான பகுதிகளில் பியானோ சுரங்களுக்கு நடுவே ஒரு மனிதர் தனக்குத்தானே பாடிக்கொண்டிருப்பது கேட்கும். இந்தப் பதிவு 1982 செப்டம்பரில் வெளிவந்தது. சில நாட்களிலேயே அவருக்குப் பக்கவாதம் தாக்கி, அக்டோபர் 4 அன்று, ஐம்பது வயதில் காலமானார். அவர் வாசித்த பாக்கின் இன்னொரு பகுதியைத்தான் 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் வைத்து அனுப்பியிருந்தார்கள், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியோடு சேர்த்து. மனித இனமே இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொன்ன ஒரே தடவை அது. அவர்கள் தேர்வில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஐந்தாவது இடத்துக்குத்தான் கூட்டம் அதிகம். எல்லாமே பாட்டில்லாத ஆல்பங்கள்.

சந்தூர் சிவகுமார் சர்மா, குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிதார் பிரிஜ் பூஷண் காப்ரா மூவரும் சேர்ந்த 'கால் ஆஃப் த வேலி' 1967-இல் பதிவானது. காஷ்மீரத்து மேய்ப்பன் ஒருவனின் ஒரு நாள், விடிகாலை ஆஹீர் பைரவில் தொடங்கிப் பொழுதின் போக்கிலேயே ராகங்கள் வரும். கடிகாரம் இல்லாத இடத்துக்கு அழகான துணை. ஆனால் மிக மிருதுவானது. இயற்கையைப் பற்றிய இசையை இயற்கைக்கு நடுவிலேயே உட்கார்ந்து கேட்கத் தேவை குறைவு.

ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'கோல்ன் கான்செர்ட்', 1975 ஜனவரி 24. ஜெர்மனியின் கோல்ன் ஓபரா அரங்கில் கேட்ட பியானோ வராமல், ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன பியானோதான் கிடைத்தது. மேல் சுரங்கள் சரியில்லை, கீழ் சுரங்களில் கனம் இல்லை. அதனால் நடுப்பகுதியிலேயே நின்று, இடது கையில் ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் மனோதர்மமாகவே கட்டினார். குறையிலிருந்து பிறந்த அற்புதம். ஆனால் அது ஒற்றை மனிதனின் தனிமை. தீவில் என் தனிமையே போதும்.

மீதி இரண்டும் கூடி வாசிப்பவர்களின் இசை. கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழு 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சௌதாம்ப்டன் கல்லூரியில் வாசித்தது முதல் ஆல்பமாக 1976-இல் வந்தது. எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். முதல் உருப்படி 'ஜாய்' பதினெட்டு நிமிடம், மூச்சு முட்டும். மண்பானையில் விக்கு எழுப்புகிற ஒலியை உலகம் வாய்பிளந்து கேட்டதில் எனக்கு உள்ள பெருமையை மறைக்க மாட்டேன். எதிரே ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ': 1959-இல் மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டே நாளில், அதே 30-ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானது. ஐந்து உருப்படிகள், 45 நிமிடம். முதல் உருப்படி 'ஸோ வாட்' கரகரப்ரியாவின் சுரங்களிலேயே நிற்கிறது. பதினாறு அளவு (தாளச் சுற்று) ஒரு சுருதியில், எட்டு அளவு அரைச் சுரம் மேலே, எட்டு அளவு மறுபடி கீழே. நமக்கு உறவுக்கார ஊர்தான். மைல்ஸ் குறைவாகப் பேசுவார். ஜான் கோல்ட்ரேன் தேடித் தேடிப் பேசுவார். கேனன்பால் ஆடர்லி சிரித்த முகத்தோடு பேசுவார். ஒருவர் விட்ட இடைவெளியை மற்றவர் அவசரப்பட்டு நிரப்புவதில்லை. பில் எவன்ஸின் பியானோவையும் பால் சேம்பர்ஸின் பேஸையும் மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டாலே ஒரு வருடம் போகும்.

'சக்தி'யைக் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன், 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைக் கேட்டால் பக்கத்தில் போய் உட்காருவேன். கச்சேரி மேடை என்றால் முன்னதைத் தேர்ந்தெடுப்பேன். வருடக்கணக்கில் கூட இருக்கப் போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அளந்து பேசுகிற இந்தக் கூட்டத்தோடுதான் என்னால் இருக்க முடியும். ஐந்தாவது இடம் அவர்களுக்கு.

ஆக, 'திருடா திருடா', எம்.எஸ்.ஸின் சகஸ்ரநாமம்–பஜ கோவிந்தம், 'ஹவ் டு நேம் இட்', கூல்டின் 1981 கோல்ட்பெர்க், 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. எல்லாம் சேர்த்தாலும் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

அலை வந்தால் எது? 'திருடா திருடா' முதலில் போகட்டும். 'ராசாத்தி'யைத் தவிர மற்றவை எனக்குள்ளேயே இருக்கின்றன. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையும் விடுவேன், வருத்தத்தோடு. எம்.எஸ். குரல் மனதில் நினைத்தாலே கேட்கிற குரல். அது தட்டோடு போய்விடாது. மிஞ்சுவது கூல்டும் இளையராஜாவும். நேர்மையாகச் சொன்னால் இரண்டில் ஆழம் அதிகம் கோல்ட்பெர்க்கில்தான். ஆனால் 'ஹவ் டு நேம் இட்'டை எடுத்தால் தியாகராஜரின் ஊரும் வருகிறது, பாக்கும் அதற்குள் கொஞ்சமாவது கூட வருகிறார். கோல்ட்பெர்க்கை எடுத்தால் பாக் மட்டுமே வருவார். 'ஹவ் டு நேம் இட்'டைத்தான் ஓடிப்போய் எடுப்பேன்.